மயிலை விட்ட கட்டை

வாழ்த்து அட்டை செய்கிற தேனம்மைக்கு அலமாரியில் இடம் போதவில்லை. இடத்தை மிச்சப்படுத்த, மயில் உருவ ரப்பர் ஸ்டாம்பின் மரக்கட்டைக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியதும் ரப்பர் மயிலை மட்டும் உரித்தெடுத்தாள்.

"நான் தாங்கலேன்னா நீ வெறும் தோல்," என்றது கட்டை. மயில் ஒரு ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் தேனம்மை அதைக் கண்ணாடி மாதிரி ஊடே தெரிகிற பிளாஸ்டிக் கட்டையில் ஒட்டி, பூப்போட்ட அட்டையில் அழுத்தினாள். மயிலின் அலகு பூவின் நுனியை அச்சுப் பிசகாமல் தொட்டு நின்றது.

"எப்படி? என்கிட்ட இருந்தவரைக்கும் ஒருநாளும் இவ்வளவு சரியா விழுந்ததில்லையே!" என்றது மரக்கட்டை.

"இப்பத்தான் அண்ணே, நான் எங்கே இறங்கறேன்னு அவங்களுக்குத் தெரியுது," என்றது மயில்.

கட்டைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த அழகிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்து யானையின் முறை. யானைக்கட்டையோ எவ்வளவு சூடு காட்டியும் பிடியை விடவில்லை. யானையின் காது கிழிந்துவிடும்போல இழுபட்டது.

"விடுடா தம்பி," என்றது மயிலை விட்ட கட்டை. "விட்டுட்டு இப்படி என் பக்கத்துல வந்து உட்காரு. இங்கேருந்து நல்லாத் தெரியும்."