ஆளுக்கொரு கூறு

“மருந்து தோத்துப்போயிடுத்து, மாரிசெல்வி” என்றாள் டாக்டர் பத்மஜா. தாராவிக்குப் பக்கத்து மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். கெட்ட சேதியையும் குரல் உயராமல்தான் சொல்வாள்.

புகையிலும் தூசியிலும் நுரையீரல் கெட்டவர்களுக்கென்று ஒரு புது மருந்து. அதைச் சோதித்துப் பார்க்கப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது தாராவியில் மாரிசெல்வி குடியிருக்கும் சந்துக்காரர்களை. எல்லாரும் ஒரே புகையைக் குடிப்பவர்கள், ஒப்பிடச் சௌகரியம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்ததும் மாத்திரை கொடுத்ததும் மாரிசெல்விதான்.

அவள் புருஷன் சுடலைக்கண்ணன் பித்தளைப் பட்டறையில் பாலீஷ் போட்டுப் போட்டு நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறான். சோதனையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு ஆளைச் சேர்க்கக் கூடாது என்று விதி. மருந்து ஜெயித்து வெளியே வந்தால்தான் அவனுக்குக் கிடைக்கும்.

“கொஞ்சங்கூடக் கேக்கலையா மேடம்?”

“மருந்து சாப்பிட்டவா கொஞ்சம் தேறியிருக்கா. ஆனா வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவாளும் அதே அளவு தேறியிருக்கா. அப்போ அது மருந்தோட வேலை இல்லையே, மனசோட வேலை. ட்ரையலை மூடச் சொல்லிட்டா.”

“இன்னொரு தடவ செஞ்சு பாக்கலாமே?”

“தோத்த மருந்துக்கு யாரும்மா மறுபடி செலவு பண்ணுவா?” பத்மஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஒரு குறையும் வைக்கலை. இங்கிலீஷ்ல கட்டுக்கட்டா இருந்ததை உன்னை மாதிரி எளிமையா யாராலும் சொல்லியிருக்க முடியாது.”

அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெயே இல்லையாம், வெறும் மோராம்.

அவள் எளிமையாகச் சொன்னது இவ்வளவுதான். “பாதிப் பேருக்கு நெச மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. கடைசில ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. வெளியாளுக்கு ஒரு மாத்திர குடுத்திரக் கூடாது, ஆமா.”

சந்தே தலையாட்டியது. வாராவாரம் போய் டப்பாவில் மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பாள். ஒருவர் வீட்டிலும் ஒன்று கூடியதில்லை, குறைந்ததில்லை.

மிச்ச டப்பாக்களை வாங்கிவர அவள் சந்துக்குள் நுழைந்தபோது, மாடன் கோயில் வாசலில் கறி கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள்தான் கொடைவிழா முடிந்தது. கோயிலுக்கு வரி கொடுத்த வீட்டுக்கெல்லாம் கிடாக்கறியில் ஒரு கூறு உண்டு. திருநெல்வேலியை விட்டு வந்து மூன்று தலைமுறையாகியும் அந்த வழக்கத்தை மட்டும் சந்து விடவில்லை.

கூறு போடுகிறவர் நயினார் அண்ணாச்சி. சந்தில் எதற்கும் அவர்தான் முன்னால் நிற்பார். சோதனையில் முதலில் பெயர் கொடுத்ததும் அவர்தான். தார்ப்பாயில் கறியைக் கொட்டி இரண்டு கையாலும் புரட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லாக் கலக்குங்கடே. ஒருத்தனுக்கு ஈரலும் ஒருத்தனுக்கு எலும்புமாப் போயிரக் கூடாது” என்று அதட்டியவர், அவளைக் கண்டு நிமிர்ந்தார். “என்ன தாயி, மொகம் செத்துக் கெடக்கு?”

“மருந்து பாஸாகல அண்ணாச்சி. ட்ரையல பந்த் பண்ணிட்டாங்க. எங்க வீட்டு ஆளுக்கு இனிமே...” மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

“பாஸாகலன்னு எவன் சொன்னான்? மாடிப்படி ஏற முடியாமக் கெடந்தவன் நான். இப்ப மாட்டுங்கா வரைக்கும் நடந்துல்லா போறேன். அன்னத்தாய்க்கு இருமல் கொறஞ்சிருக்கு. நம்ம சந்துல மாத்திர தின்ன அத்தன பேருக்கும் மூச்சு லேசாயிருக்கு. நல்ல மருந்து தாயி அது.”

மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அத்தன பேருக்குமா? பாதிப் பேருக்கு மாவுல்லா குடுத்தாங்க?”

நயினார் கையிலிருந்த ரத்தத்தைத் துண்டில் துடைத்தபடி பெருமையாகச் சிரித்தார்.

“நீ சொன்னபடி வெளியாளுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல தாயி. டப்பா வர வர, எல்லாத்தையும் இங்கனயே கொட்டிக் கலந்து ஆளுக்கொரு கூறு போட்டுட்டோம்லா!”