குனியாத தலை

அடுத்த மாலை கழுத்தில் விழுந்ததும் முனிகிருஷ்ணனின் பிடரியில் தொடங்கி, முதுகுத்தண்டு வழியாக, உள்ளங்கால் வரை மின்சாரம் ஓடியது.

அவன் ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அவன் உடம்புக்கு மட்டும் முன்னதாகவே வந்துவிட்டது.

சாமந்தி மாலை. வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக் கனக்க வைத்திருந்தார்கள். நகரி சந்தை மைதானம் நிரம்பக் கூட்டம். அவனுடைய இடது தோள்பட்டை முறுக்கிய கயிறாக இறுகிக் கிடந்தது. வக்கீல் கோவர்த்தனன் மைக்கைப் பிடித்தபடி அந்தத் தோளையே அன்போடு தட்டிக்கொண்டிருந்தார்.

"நிமிர்ந்த தோள். குனியாத கழுத்து. இந்த எல்லைத் தமிழனைக் குனிய வைக்க எந்த அதிகாரத்தாலும் முடியவில்லை."

நடந்தது இதுதான். ஆந்திர ராஜ்யத்திலிருந்து பிரித்து எங்களைச் சென்னையோடு சேர் என்று விஜயபுரம் பக்கம் மறியல். சந்தையில் கடலைக்காய் போட்டுவிட்டு வீடு திரும்பிய முனிகிருஷ்ணன், வந்த பஸ் மறிக்கப்பட்டதால் அங்கே இறங்கி நின்றான். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ரோட்டோரம் உட்கார வைத்துத் தலையைக் குனியச் சொன்னார். எல்லாத் தலையும் குனிந்தது. கோவர்த்தனனின் தலை மிக நன்றாகவே குனிந்தது.

முனிகிருஷ்ணனின் தலை மட்டும் நின்றது. தோளில் லத்தி இறங்கிய பிறகும் நின்றது.

அதுவரை அந்தக் கழுத்துக்கு ஊரில் பெயர் திமிர். விருந்துக்கு வந்த மாமனார் காலில் விழவில்லை என்று மனைவி வீட்டார் அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். சாமி முன்னால்கூடக் கம்பம் மாதிரி நிற்கிறான் என்று பூசாரி விபூதியை எட்ட நின்று தூவினார். ஒரே ஒரு லத்தியடியில் திமிர் வீரமாகிவிட்டது.

மறியலுக்கு வெகு முன்பே, முதலில் அவனுக்கு ஒரு கண் மங்கி, சில வாரத்தில் தானே தெளிந்தது. பிறகு கால் மரத்தது. அப்புறம்தான் கழுத்தும் தோளும் நோக ஆரம்பித்தன. வேலூரில் ஒரு டாக்டர் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே அழிகிறது, அதனால்தான் குனிந்தால் ஷாக் அடிக்கிறது என்றார். மருந்து என்ன என்று கேட்டதற்கு அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

இதையெல்லாம் அவன் கோவர்த்தனனிடம் சொல்லாமல் இல்லை.

"அது உனுக்குள்ளயே இருக்கட்டும்பா," என்றார் அவர். "நீ மேடைக்கு வந்து குந்து, போதும். தலைமை தாங்க மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டர் வராரு."

அந்தப் 'பெரிய டாக்டர்' என்ற வார்த்தைக்காகத்தான் வந்தான். மனைவி செல்லியம்மா மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் கழுத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூட்டி வந்திருந்தாள்.

டாக்டருக்கு அவன் பக்கத்து நாற்காலி. வெள்ளை ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி. மெலிந்த, சுத்தமான விரல்கள். நாடி பிடிக்கிற கை என்று அவனுக்குப் பட்டது. கைதட்டல் ஓங்கிய நேரம் பார்த்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு அவர் பக்கம் திரும்பினான்.

"சாமி, கயுத்து நோவு தாங்க முடியல. குனிஞ்சா கரண்ட் மாதிரி அடிக்குது. நரம்புல கோளாறுன்னாங்க. நீங்க ஒரு தபா பாத்துச் சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் நரம்பைத்தான்பா ஆராய்ந்தேன். ஆனால் அது யாழ் நரம்பு. இலக்கியத்துக்காகக் கொடுத்த டாக்டர் பட்டம் இது."

அதற்குள் கோவர்த்தனன் மைக்கை அவன் வாயருகே நீட்டிவிட்டார். இனி யாரிடம் எதை மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"எனுக்குக் குனிஞ்சா நோவுது," என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

மைதானம் விசிலும் கூச்சலுமாக வெடித்தது.

"கேட்டீர்களா? குனிந்தால் தமிழனுக்கு நோகும்," என்று கோவர்த்தனன் தழுதழுத்தார்.

பெண்கள் பக்கத்தில் செல்லியம்மா மட்டும் கை தட்டவில்லை. மேடை ஓரத்தில் அடுத்த மாலையோடு நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாழ் டாக்டர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. கைகூப்பி, முனிகிருஷ்ணன் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவரைப் பார்த்துக் கோவர்த்தனன் குனிந்தார். மேடையிலிருந்த மற்றவர்களும் குனிந்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. அந்தக் கழுத்துகள் மடிந்து நிமிர்வதை, பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோல் அவன் பார்த்தான்.

பதிலுக்கு வணங்குவதுதானே மரியாதை. தலையைத் தாழ்த்தப் பார்த்தான். பாதிகூடப் போகவில்லை, அடித்தது.

அன்றைக்கு ரோட்டோரத்திலும் இப்படித்தான். இன்ஸ்பெக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள், அந்த வரிசையிலேயே முதல் ஆளாகக் குனியப் பார்த்தவன் அவன்தான்.