பெனிட்டா வால்நட்சத்திரம்

பொது அறிவு வினா விடைப் புத்தகம் தொகுப்பவர்களில் சிலர் பதிப்புக்கு ஒரு பொய்க் கேள்வியை ஒளித்து வைப்பதுண்டு. யாராவது காப்பியடித்தால் அந்தப் பொய்யே காட்டிக்கொடுத்துவிடும். ஆறுகளுக்கும் ராகங்களுக்கும் பறவைகளுக்கும் நடுவே அருளப்பன் இந்த முறை வைத்தது ஒரு வால்நட்சத்திரத்தை. பெயர் பெனிட்டா. பதினொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரியும் என்று எழுதி, அது கடைசியாகத் தெரிந்த ஆண்டையும் மாதத்தையும் போட்டிருந்தார். அவருடைய ஒரே மகள் பெனிட்டா, பதினொரு வயதில், காய்ச்சல் கண்டு நான்கே நாளில் இறந்துபோன மார்கழி அது. பதிப்பாளர் கோமதிநாயகத்துக்கு இது தெரியாது.

"மாட்டிக்கிட்டான் சார்!" என்று அவர் இன்னொருவன் போட்ட புத்தகத்தை மேசையில் விரித்துவைத்தார். "பேரைக்கூட மாத்தாம அப்படியே அடிச்சிருக்கான். வக்கீல் எல்லாம் எழுதிட்டார். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

வக்கீலின் தாளில் ஒரே வரிதான் இருந்தது. பெனிட்டா என்று ஒன்று வானத்தில் எங்கும் இல்லை, இருந்ததும் இல்லை என நான் உறுதி கூறுகிறேன்.

அருளப்பன் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுமுன் திருடனின் பக்கத்தை ஒருமுறை படித்தார். சொந்தச் சரக்கு போலத் தெரியட்டும் என்று அவன் கணக்குப் போட்டு ஒரு வரி சேர்த்திருந்தான்: 'மீண்டும் வருவது: இந்த மார்கழி.'

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"என்ன சார், யோசிக்கிறீங்க?"

அருளப்பன் பேனாவை மூடினார்.

"மார்கழி கழியட்டும்," என்றார்.