ஆறே முக்கால் அறிவிப்பு

வீட்டில் ஒரு சாவு. யாருடையது என்றுதான் தெரியவில்லை.

"நம்பர் பதினேழு, வாட்டர் டேங்க் தெரு. அது வரைக்கும் ரேடியோல சுத்தமா கேட்டுச்சுண்ணே," என்றான் காயில். "பேரு வர்ற நேரம் பாத்து அமுங்கிடுச்சு."

"உங்க வீடேதானா?" என்று கேட்டார் வெல்டர். அந்த அறையின் ஆறு கட்டில்களில் அவனுடையதற்குப் பக்கத்துக் கட்டில் அவருடையது.

"அந்தத் தெருவில பதினேழு ஒண்ணுதாண்ணே."

ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருந்தது. ஏஜெண்ட் எங்கே இருந்தான் என்பது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் "அடுத்த மாசம் வந்துடறேன்" என்பான். மூன்று முறை அப்படிச் சொல்லியாயிற்று. நான்காவது முறை எந்த முகத்தோடு சொல்வது என்று போனையே நிறுத்திவிட்டான். அந்த நிறுத்தத்துக்கு இப்போது ஏழு வயது.

சொல்ல வாயில்லையே தவிர, கேட்கக் காது இருந்தது. பழைய சாமான் கடையில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று கிடைத்தது, அவனைவிட வயதில் மூத்தது. அறுந்து கிடந்த ஏரியல் காயிலைத் தானே சுற்றிப் போட்டான். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய் மீடியம் வேவில் முள்ளை நகர்த்தினால், கடல் தாண்டிய ஊர்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றில் மழை, ஒன்றில் காய்கறி விலை, இன்னொன்றில் என்ன பாஷை என்றே தெரியாத ஒரு புருஷன் பெண்டாட்டிச் சண்டை. அவனுக்கு அதைக் கேட்பதில் அப்படி ஓர் ஆனந்தம்.

ரேடியோவைச் சற்றே திருப்பி உள்ளூர் ஸ்டேஷனின் சத்தத்தை அமுக்கினால், அதன் அடியில் சொந்த ஊர் கிடைக்கும். அந்தக் குட்டி ஸ்டேஷன் இன்டர்நெட்டில் எல்லாம் வராது. தன் தெருவில் தண்ணீர் வராது என்ற அறிவிப்பைக் கேட்டால்கூட, அன்றைக்கு அவனுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

மரண அறிவித்தல் வருவதும் அதில்தான். ஆறரைக்கு ஒரு முறை, ஆறே முக்காலுக்கு மறுபடியும்.

"ஒரு போனைப் போட்டுக் கேளு தம்பி. இப்பவுமா வெட்கம் பாக்கற?"

போட்டான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் ஒரு பெண். மறுபடி போட்டான். அவளும் மறுபடி சொன்னாள்.

"வீட்டில யாரு யாரு?"

"அப்பா, அம்மா, அவ, பாப்பா. நாலே பேரு."

நாலு பேரில் ஒருவர். அப்பாவுக்கு நெஞ்சுவலி உண்டு, அம்மாவுக்குச் சர்க்கரை. அவர்களில் ஒருவராக இருந்துவிடட்டும் என்று நினைத்தான். நினைத்த வாக்கில் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பாப்பாவாக மட்டும் இருக்கக் கூடாது.

"எப்ப எடுக்கறாங்கன்னாவது சொன்னாங்களா?"

"கடைசில குரல் திரும்பி வந்துச்சுண்ணே. மத்த ரெண்டு சாவுக்கும் நேரம் சொன்னாங்க. இதுக்கு மட்டும் சொல்லல."

"வாசிக்கறவன் அவசரத்துல விட்டிருப்பான். நீ மேல போ. நான் கீழ பாத்துக்கறேன்."

கீழே பார்த்துக்கொள்வது என்றால் வேறொன்றுமில்லை. டியூப் லைட்டும் போன் சார்ஜரும் ஓடினால் ரேடியோவில் ஒரே இரைச்சல். வெல்டர் அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் பிடுங்கினார். குளித்துக்கொண்டிருந்த ஒருவன் இருட்டில் அவருடைய பரம்பரையையே திட்டினான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாடியில் காயில் ரேடியோவை சுவரோர இரும்புக் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் தூரத்துக் குரல் கொஞ்சம் தூக்கலாக வரும். வந்தது, போனது, வந்தது. முதல் அறிவித்தல் அப்படியே கரைந்துபோயிற்று. இரண்டாவதில் உள்ளூர்ப் பாட்டு ஒன்று குறுக்கே விழுந்தது. ரேடியோவை இம்மி இம்மியாகத் திருப்பினான்.

மூன்றாவது அறிவித்தல் பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல் வந்தது. இத்தனை வருடத்தில் அந்த ஸ்டேஷன் அவனுக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டதேயில்லை. ஓர் எழுத்து விடாமல் கேட்டான்.

வெல்டர் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ரேடியோ ஏதோ பாடிக்கொண்டிருந்தது. அவன் அழவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"அம்மாவா?"

"அம்மா இருக்காங்க. அப்பா, அவ, பாப்பா, எல்லார் பேரையும் வாசிச்சாங்க. துக்கத்துல இருக்கறவங்க வரிசைல."

வெல்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா. அப்ப செத்தது யாரு?"

அவன் ரேடியோவை அணைத்தான்.

"நான்தாண்ணே."