கரையாமல் விட்ட தசை

ஆமணக்கு இலை தின்று வளர்ந்த புழு, கூடு கட்டி உள்ளே முடங்கியது. அதன் உடம்புக்குள் ஒரு சாறு ஊறி, பழைய உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கரைக்கத் தொடங்கியது.

குட்டையான பின்னங்கால் பயந்துபோய், பக்கத்திலிருந்த வயிற்றுத் தசையிடம் கெஞ்சியது. "அண்ணே, சாறு என்னிடம் வந்துவிட்டது. நான் இறுகப் பற்ற, நீங்கள் உந்த, நாம் சேர்ந்துதானே இத்தனை செடி ஏறினோம்? எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"பறக்கப்போகிற உடம்புக்குக் குட்டைக்கால் எதற்கடா?" என்று சிரித்தது தசை.

கால் கரைந்து வெறும் புரதக் குழம்பானது. சாறு தசையைத் தொடாமல் தாண்டிப் போனது. தன் அருமை தெரிந்துதான் விட்டுவைத்திருக்கிறது என்று தசை நினைத்துக்கொண்டது.

அந்தக் குழம்பை எடுத்துக்கொண்டு சிறகு வளர்ந்தது. ஒரு காலையில் தசை தன் பலம் முழுவதையும் கூட்டி உந்தித் தள்ள, அந்துப்பூச்சி கூட்டைவிட்டு வெளியே வந்தது. உடனே சாறு திரும்பி வந்தது.

"உன்னை வைத்திருந்தது இந்த ஒரு தள்ளலுக்குத்தான்" என்றது.

தசை பதறிப்போய்ச் சிறகைக் கூப்பிட்டது. "தம்பி, உன்னை வெளியே கொண்டுவந்தவன் நான். எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன்."

சிறகு இன்னும் ஈரமாகச் சுருண்டு கிடந்தது. "நீங்கள் யாரென்று தெரியவில்லையே, அண்ணே. நான் பறக்கப் பிறந்தவனாம். ஆனால் எதையாவது இறுகப் பற்றிக்கொள்ளத்தான் மனம் துடிக்கிறது. ஏனென்று உங்களுக்குத் தெரியுமா?"

தசைக்குத் தெரிந்தது. அதன் பிறகு அது எதுவும் கேட்கவில்லை.