நடுச்சுவர்

“அந்தப் படத்த நடுச்சுவரில போடாதீங்க அக்கா. கதவுக்குப் பின்னால எங்கயாவது மாட்டி விடுங்க.”

விஜிதரன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த கிருஷாந்தினி அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

“படம் எடுக்கிறது உங்கட வேல தம்பி. மாட்டுறது என்ட வேல.”

கொழும்பில் பன்னிரண்டு வருடம் கண்காட்சிகளுக்குப் படம் மாட்டியவள் அவள். ஊருக்குத் திரும்பி வந்து, மட்டக்களப்பு வாவிக்கரையில் பாழடைந்து கிடந்த நெல் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்துக் காட்சிக்கூடமாக்கியிருந்தாள். அங்கே நடக்கப்போகும் முதல் கண்காட்சி விஜிதரனுடையது. அவனுக்கும் அதுதான் முதலாவது.

மொத்தம் இருபத்தைந்து படங்கள். செட்டிபாளையத்திலிருந்த அவன் வீட்டுக்கே போய், கணினியில் கிடந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களைப் பார்த்துக் கிருஷாந்தினிதான் தெரிவு செய்தாள். அவற்றில் இருபத்து நான்கு படங்களில் வாவி மட்டுமே. பனிக்குள் நிற்கும் தோணி, கண்டல் வேர், மழை விழும் தண்ணீர். ஒன்றிலாவது ஆள் கிடையாது.

மற்றது, வாழைச்சேனையில் கருவாடு காயப்போடும் ஐந்து பெண்களின் படம். ஐந்து பேரும் சிரிக்கிறார்கள். சும்மா சிரிப்பல்ல. ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தோளில் சாய்ந்து விழுகிறாள். இன்னொருத்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“மத்ததெல்லாம் மூண்டு வருசமா விடியக் காலம எழும்பி, கழுத்தளவு தண்ணியில நிண்டு எடுத்தது அக்கா. இது சும்மா தற்செயலா வந்த படம்.”

கிருஷாந்தினி ஏணியிலிருந்து இறங்கினாள். “வாங்க, வாசலில இரிந்து என்னோட நடங்க.”

நடந்தார்கள். இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தண்ணீர்.

“இப்ப உங்களுக்குக் கதைக்கத் தோணுதா?”

“இல்ல.”

“ஒருத்தருக்கும் தோணாது. இவ்வளவு தண்ணியையும் பாத்துக்கொண்டு வந்தா மனம் அப்பிடியே அமந்து போகும். அந்த நேரம் பாத்து இவளுகள் அஞ்சு பேரும் முன்னால வரோணும். சிரிப்புச் சத்தம் காதில கேக்கும். இதக் கதவுக்குப் பின்னால மாட்டினா அஞ்சு பொம்புளையள் பல்லக் காட்டுற படம், அவ்வளவுதான்.”

விஜிதரன் வேறொரு குறை சொன்னான்.

“அப்ப ஏன் இத மட்டும் இவ்வளவு பதிவா மாட்டியிரிக்கிங்க? நான் குனிஞ்செல்லோ பாக்கோணும்.”

“இந்தப் படத்துக்கு இதுதான் உயரம்.”

“ஒரு சாண் உயத்தினா என்ன?”

“ஒரு விரலும் உயத்த மாட்டன்.”

சனிக்கிழமை பின்னேரம் களஞ்சியம் நிறைந்துவிட்டது. அவள் சொன்னது போலவேதான் நடந்தது. கலகலவென்று உள்ளே வந்தவர்கள் நாலாவது படத்தில் குரலைத் தாழ்த்தினார்கள். பத்தாவதில் பேச்சே இல்லை. நடுச்சுவருக்கு வந்ததும் சற்றுக் குனிந்தார்கள். குனிந்ததில் அந்த ஐந்து முகங்களுக்கும் கிட்டப் போனார்கள். பிறகு, ஏனென்று தெரியாமலே சிரிக்கத் தொடங்கினார்கள்.

கொழும்பில் பெரிய காட்சிக்கூடம் நடத்தும் நிஸ்தார் இருபது நிமிடமாக அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் விஜிதரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மத்தப் படங்கள் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்த ஒண்டுக்காகவே உங்களுக்குக் கொழும்பில ஒரு கண்காட்சி வைக்கிறேன். சொல்லுங்க, என்னத்தச் சொல்லி இவங்கள இப்படிச் சிரிக்க வச்சீங்க?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கதை கேட்கும் ஆசையில் நெருங்கி வந்தார்கள்.

விஜிதரன் படத்தைப் பார்த்தான். சற்றுத் தள்ளி நின்ற கிருஷாந்தினியைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எனக்குத் தெரியாது சேர்.”

“எடுத்த உங்களுக்கே தெரியாதா?”

“நான் அந்த இடத்திலயே இல்ல.” வாசலில் ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த தன் மனைவியைக் கூப்பிட்டான். “விதுசா, இங்க வா.”

குள்ளமான அந்தப் பெண் கையைத் துடைத்தபடி தயங்கித் தயங்கி வந்தாள்.

“இவதான் எடுத்தா. கலியாணத்துக்கு முன்ன அவங்களோட கருவாடு காயப்போட்டவ. ஒருநாள் என்ட கமராவக் கொண்டுபோய் எடுத்துட்டு வந்தா. மூண்டு வருசம் அலைஞ்சும் எனக்கு இப்பிடி ஒண்டு கிடைக்கல்ல. அதச் சொல்ல மனம் வரல்ல சேர்.”

நிஸ்தார் அவன் கையை விட்டுவிட்டு விதுசாவின் பக்கம் திரும்பினார். அவளோ முகம் சிவக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் குனியவில்லை. ஐந்து பெண்களின் பார்வையும் நேரே அவள் கண்ணில் வந்து நின்றது.

விஜிதரன் திடுக்கிட்டுக் கிருஷாந்தினியிடம் திரும்பினான். “அக்கா, உங்களுக்கு முதலே...?”

“ஆம்புளைக்கு முன்னால இவளுகள் வாயப் பொத்தாமச் சிரிப்பாளுகளா தம்பி?” என்றாள் அவள். “படம் பாக்க வந்த அண்டைக்கே, தேத்தண்ணி கொண்டுவந்தவட உயரத்த என்ட தோளோட அளந்துட்டன்.”