எட்டாம் வகுப்புக் குழாய்

"அண்ணா, ஒரே நிமிஷம்! கடைசியா ஒரு தடவை எண்ணிக்கிறோம்."

பிளம்பர் ஸ்பேனரோடு ஒதுங்கி நின்றார். வகுப்பறையின் பின்சுவரில் இருந்த கைகழுவும் குழாயைச் சுற்றி முப்பது தலைகள். ஒருத்தி மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு! ஒரு நாளைக்கு மூணு லிட்டர். எல்லாம் பக்கெட்ல பிடிச்சுத் தோட்டத்துச் செடிக்குத்தான் ஊத்தறோம்" என்றாள், 'வக்கீல்' என்று பெயரெடுத்த வாயாடி. "மூணு லெட்டர் போட்டு உங்களை வரவழைச்சிருக்கோம், தெரியுமா?"

"மூணா?"

"முதல் லெட்டரை எச்.எம். மேடம் திருப்பிட்டாங்க. 'எவ்வளவு வீண்? கணக்கு எங்கே?'ன்னு சிவப்பு மையில எழுதி! ரெண்டாவதும் திரும்பி வந்துச்சு. 'ஏன் ஒழுகுகிறது? இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?'ன்னு. வாஷரைப் பத்திப் படிச்சோம், ஏரி வரைக்கும் மேப் போட்டோம்."

"சரியான கறார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். மணிக்கொரு பாடம், பாடத்துக்கொரு ஆசிரியர் என்பதை விட்டு, எல்லாவற்றையும் ஒரே அறையில் அவரே கலந்து நடத்தும் சோதனை இது. இந்தப் பருவத்துக்குள் எடுபடாவிட்டால் பழையபடி மணியடிப்புதான். முதல் மாதம் முழுக்கக் கொட்டாவி. அப்புறம்தான் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

பிளம்பர் பையைத் திறக்கவே இல்லை. குழாய் சுவரோடு சேரும் இடத்தில் ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று திருகினார். சொட்டு நின்றது.

"வாஷர் மாத்தலையா? அப்ப எங்க காரணம் தப்பா?"

"வாஷர் நல்லாத்தான் இருக்கும்மா. கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு, அவ்வளவுதான்."

வக்கீல் உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள்.

வாசல்வரை வந்த ஆசிரியை மெல்லச் சொன்னார்: "நல்லதுதான்ணா. ஆனா திங்கட்கிழமை எதை வச்சுப் பாடம் நடத்தறதுன்னு எனக்குத் தெரியலை. எச்.எம். மேடம்கிட்ட போய்ச் சொல்லவும் முடியாது."

வராந்தா திருப்பத்தில் தலைமையாசிரியை காத்திருந்தார். கையில் சிவப்புப் பேனா.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். எண்ணிப் பார்த்துட்டுத்தான் விட்டாங்க."

அந்தக் கறார் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் நான் சொன்னதும் அந்தக் குழாயை அழகாத் தளர்த்தி விட்டீங்களே... அதே மாதிரி, அவங்க சுவர்க் கடிகாரத்தையும் தினம் அஞ்சு நிமிஷம் மெதுவா ஓட வச்சுத் தருவீங்களா?"